தூரம் ஒன்று; காலம் பல

லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டால் அதற்கு ஒரே விடைதான் உண்டு. நேர்வழியில் அளந்தால் ஏறத்தாழ 6,750 மைல். கிலோமீட்டர்க் கணக்கில் 10,900-க்குச் சற்றுக் குறைவு. நம் பாட்டன்மார் காலத்திலும் அதே தூரம். நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதே தூரமாகவே இருக்கும். ஆனால், "லண்டனிலிருந்து ஆகாய மார்க்கமாகச் சிங்கப்பூர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்?" என்று அவர் அடுத்துக் கேட்பாராயின், நாம் உடனே விடையிறுத்தல் இயலாது. "எந்த ஆண்டில்?" என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். 1919-இல் எனின் இருபத்து மூன்று நாள். 1934-இல் எனின் ஏறத்தாழ எட்டு நாள். இக்காலத்தில் எனின் பதின்மூன்று மணி நேரம். அதுவும் போதாது, "யாருக்கு?" என்றும் கேட்டாக வேண்டும்.

தூரத்தையும் காலத்தையும் ஒன்றாகவே வழங்குவது நம் மக்களின் பழக்கம். கூப்பிடு தூரம் என்போம். ஒரு நாள் வழி என்போம். தோட்டப் புறத்திலே பட்டணம் ஐந்து கட்டை என்று சொல்லும்போதுகூட, நடந்து போகிறவனுக்கு எத்தனை நாழிகை, பஸ்ஸில் போகிறவனுக்கு எத்தனை நாழிகை என்பதே நம் மனத்தில் நிற்கிறது. அப்படி எண்ணுவதில் ஓர் உண்மை இருக்கிறது. தூரத்தை இயற்கை வைத்தது. காலத்தை மனிதர் அமைத்தனர். எந்த மனிதர், எதைக் கொண்டு, என்ன விலை கொடுத்து அதனை அமைத்தனர் என்று இந்த ஒரு வழியை எடுத்துக்கொண்டு ஆராய்வதே நமது நோக்கமாகும்.

நூலும் உருண்டையும்

முதலில் தூரத்தைச் சரியாக அளக்கக் கற்றுக்கொள்வோம். பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டையான படத்தைப் பார்க்கும் பிள்ளை, சிங்கப்பூரிலிருந்து மேற்கே இலங்கை, அரபிக் கடல், செங்கடல், மத்தியதரைக் கடல் என்று கப்பல் செல்லும் வழியையே ஆகாய வழியாகவும் எண்ணிவிடுகிறது. அது பிழை. பூமி தட்டையன்று. பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் முனையைச் சிங்கப்பூரிலும் மறு முனையைலண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். அந்நூல் மலாக்கா நீரிணையை ஒட்டி வடமேற்காக எழுந்து, வங்காள விரிகுடாவைக் கடந்து, வட இந்தியாவின் மேலாகச் சென்று, ஆப்கானிஸ்தானத்துக்கும் தஜிகிஸ்தானத்துக்கும் அருகில் தன் பாதித் தூரத்தை அடைகிறது. பின்னர் மத்திய ஆசியாவின் சமவெளிகளைத் தாண்டி, ரஷ்யாவும் உக்ரைனும் சந்திக்கும் எல்லைப்புறத்தின் மேலாகப் போலந்தையும் ஜெர்மனியையும் நோக்கிப் போய் லண்டனில் முடிகிறது. செங்கடல் இதன் அருகிலும் இல்லை.

நூல் செல்லும் இந்த வழியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். விமானங்கள் இந்நூலை விட்டு ஏன் விலகின, எப்போது நெருங்கின, மறுபடியும் ஏன் விலகின என்பதே நாம் சொல்லப் போகும் சரித்திரம்.

குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்கியவர்கள்

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்க்குப் பத்தாயிரம் பவுன் பரிசு என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும், பென்னெட், ஷியர்ஸ் என்னும் யந்திரத் தொழிலாளர் இருவரும் 1919 நவம்பர் 12-ஆம் நாள் லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். அவர்கள் ஏறிய விக்கர்ஸ் விமி என்னும் விமானம் போரில் குண்டு வீசுவதற்கென்று செய்யப்பட்டது. அதில் மூடிய அறை இல்லை. பனியும் மழையும் முகத்தில் அறைய உட்கார்ந்தே வரவேண்டும். டிசம்பர் 4-ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தபோது, இங்கே விமானத் தளம் என்பதே கிடையாது. பேரர் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்க வேண்டியதாயிற்று.

மைதானமோ சிறிது, விமானமோ பெரிது. தரையைத் தொட்ட பின்னர் ஓடி நிற்பதற்கு இடம் போதாது என்று கண்டபோது, பென்னெட் தம் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின் மேலாகவே வால்புறம் வரை சறுக்கிச் சென்று, தம் உடலின் பாரத்தால் வாலைத் தாழ்த்தினார். விமானம் விரைவில் நின்றது. சிங்கப்பூரின் ஆகாயப் போக்குவரத்துச் சரித்திரத்தில் முதன்முதல் வேலை செய்த நிறுத்துக் கருவி ஒரு தொழிலாளியின் உடல் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் டிசம்பர் 10-ஆம் நாள் டார்வின் நகரையடைந்து பரிசைப் பெற்றனர். ராஸ் ஸ்மித்தும் பென்னெட்டும் 1922-இல் வேறொரு விமானத்தைச் சோதித்துப் பார்க்கையில் அது விழுந்து இறந்தனர்.

ஐந்தாண்டுகள் கழித்து டச்சுக்காரர் முயன்றனர். 1924 அக்டோபர் 1-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்பட்ட கே.எல்.எம். விமானம், பல்கேரியாவில் யந்திரம் கெட்டு வாரக்கணக்கில் நின்று, நவம்பர் 24-இல்தான் பட்டேவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, அடைந்தது. வானில் பறந்த நேரத்தைக் காட்டிலும் தரையில் காத்துக் கிடந்த நேரமே பன்மடங்கு அதிகம்.

எட்டு நாட் பிரயாணம்

வீரச் செயல் வேறு; வாராவாரம் நடக்கும் போக்குவரத்து வேறு. இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் பிரிட்டிஷ் கம்பெனி 1929 மார்ச் 30-ஆம் நாள் லண்டன் கிராய்டன் நிலையத்திலிருந்து கராச்சிக்கு விமான சர்வீஸ் தொடங்கியது. அது 1933 டிசம்பரில் சிங்கப்பூர் வரை நீண்டது. 1934 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்குத் தபாலும், 1935-இல் பிரயாணிகளும் செல்லத் தொடங்கினர்.

அக்கால விமானம் மணிக்கு நூறு மைல் அளவிலேயே பறந்தது. 6,750 மைலை நூற்றால் வகுத்தால் அறுபத்தெட்டு மணி நேரம் வருகிறது. மூன்று நாள் போதுமே, எட்டு நாள் ஏன் ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, இரவு. வழியறிய விளக்கும் கருவியும் போதாமையால் பெரும்பாலும் பகலிலேயே பறந்தார்கள். இரவில் பிரயாணிகள் இறங்கி விடுதியில் உறங்கினார்கள். வழி காண்பதும் எளிதன்று. கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் இடையிலுள்ள பாலைவனத்தில் 1921-இல் பிரிட்டிஷ் விமானப்படையினர் மோட்டார் வண்டிகளின் சக்கரத் தடத்தாலும், சில இடங்களில் ஏரால் உழுத சாலாலும் நெடுங்கோடு ஒன்று போட்டு வைத்தார்கள். விமானி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பறந்தார். பயிருக்கு உழுவது நாம் அறிவோம்; ஆகாயத்தில் வழி தவறாதிருக்கப் பூமியை உழுததும் உண்டு.

இரண்டாவது, எண்ணெய். ஒரே மூச்சில் சில நூறு மைலே பறக்க முடியும். ஆதலால் ஏதென்ஸ், அலெக்சாந்திரியா, காசா, ருத்பா, பாக்தாத், பஸ்ரா, பஹ்ரைன், ஷார்ஜா, கராச்சி, ஜோத்பூர், டில்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் என்று எண்ணற்ற இடங்களில் இறங்கி ஏறினார்கள்.

மூன்றாவது காரணமே முக்கியமானது. அது பிற அரசுகளின் அனுமதி. இத்தாலியின் தடையால் பாரிஸிலிருந்து பிரிண்டிசித் துறைமுகம் வரை விமானப் பிரயாணிகள் ரயிலில் சென்றார்கள்! ஆகாயக் கப்பலில் ஏற வந்தவர்கள் ஐரோப்பாவைப் புகைவண்டியில் கடந்தார்கள். பாரசீக அரசாங்கம் தன் கடற்கரையின் வழியே பறக்க அளித்த அனுமதி 1932-இல் முடிந்துவிடவே, வழி முழுவதும் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாற்றப்பட்டது. ஷார்ஜா என்னும் சிறு கடற்கரையூர் விமானத் தளமானது அதனால்தான். நூல் காட்டிய தூரம் 6,750 மைல். விமானம் வந்த வழியோ 8,000 மைலுக்கும் மேல்.

விரைவு இயலாத காரியமன்று என்பதையும் அக்காலமே காட்டியது. 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த விமானப் பந்தயத்தில் ஸ்காட், காம்பெல் பிளாக் என்னும் இருவரும் இரண்டு நாட்களுக்குள்ளாகவே சிங்கப்பூரைக் கடந்து, எழுபத்தொரு மணி நேரத்தில் மெல்போர்னை அடைந்தார்கள். இரவும் பகலும் ஓயாமல் பறந்த பந்தய விமானம் அது. பணம் கொடுத்து ஏறும் பிரயாணிக்கு அவ்விரைவு கிடைக்க இன்னும் பல்லாண்டு செல்ல வேண்டியிருந்தது.

யாருக்கு எட்டு நாள்?

இனி நமது இரண்டாம் கேள்விக்கு வருவோம். 1935-இல் லண்டனிலிருந்து பிரிஸ்பேன் வரை விமானக் கட்டணம் 195 பவுன். சிங்கப்பூரோடு இறங்குபவர்க்குச் சற்றுக் குறையும். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு நம் நாட்டில் எட்டு வெள்ளி ஐம்பத்தேழு காசு. ஆகவே முழுக் கட்டணம் ஏறத்தாழ 1,671 வெள்ளி. ரப்பர்த் தோட்டத்தில் ஆடவர் ஒருவருக்கு நல்ல காலத்திலேயே தினக்கூலி ஐம்பது காசு அளவுதான். ரப்பர் விலை விழுந்த ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஐம்பது காசு என்றே வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரு டிக்கெட்டுக்கு 3,342 நாள் உழைக்க வேண்டும். ஒரு நாளும் ஓயாமல், ஒரு காசும் உண்ணாமல், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்!

அதே ஆண்டுகளில் நம்மவர் எப்படி வந்தனர்? நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ 'ரஜுலா' போன்ற கப்பலேறி, திறந்த தளத்தில் பாயை விரித்து, ஆயிரக்கணக்கானவரோடு நெருங்கிப் படுத்து வந்தனர். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று இறங்க ஒரு வாரம் அளவு கடலில் கழிந்தது. இறங்கிய பின்னரும் உடனே விடுதலையில்லை. பினாங்கில் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த் தடுப்பு முகாமில் தங்கவேண்டி வந்தது.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தூரம் 1,800 மைல் அளவே. லண்டனுக்கு உள்ள தூரத்தில் அது கால் பங்குக்குச் சிறிது கூடுதல். ஆயினும் தளத்தில் படுத்து வந்த தொழிலாளிக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆன காலமும், பவுன் கொடுத்த கனவானுக்கு லண்டனிலிருந்து ஆன காலமும் ஏறத்தாழ ஒன்றே. பூகோளத்தில் நமக்கு அண்மையிலிருந்த ஊர், காலக் கணக்கில் லண்டனைப் போலவே எட்டத்தில் இருந்தது. லயத்தில் இருந்தவருக்கு ஊரில் தாய் இறந்த செய்தி, கருமாதியும் முடிந்த பின்னர்க் கடிதமாக வந்தமைக்கு இதுவே காரணம். அதனை விதி என்று அழுதோர் பலர். அது விதியன்று, கப்பலின் வேகமும் கூலியின் அளவுமே அது.

போர் வளைத்த வழி

1937 ஜூன் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. தரையில் இறங்கும் விமானங்களும், நீரில் இறங்கும் பறக்கும் படகுகளும் அங்கே வந்து சேர்ந்தன. அக்காலத்தில் அதனைப் புகழாதார் இல்லை. ஆனால் ஐந்தாண்டு நிறைவதற்குள், 1942 பிப்ரவரி 15-ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. நிலையம் போயிற்று; கடிகாரங்களும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன.

இந்த ஓரிடம் போனதும், லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த ஆகாய வழியே அறுந்தது. அதனை ஒட்டவைக்க 1943-இல் ஓர் அரிய முயற்சி நடந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை என்னும் ஏரிவரை, ஏறத்தாழ 4,000 மைல் கடலை, காட்டலினா என்னும் பறக்கும் படகுகள் எங்கும் நில்லாமல் கடந்தன. எதிரி கண்டுகொள்வானென்று வானொலியை மௌனமாக்கி, நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கணித்தார்கள். எண்ணெய்ப் பாரம் மிகுதியாதலால் ஏற்றிய பிரயாணிகள் மூவர். தபால் அறுபத்தொன்பது கிலோ. பறந்த நேரம் இருபத்தேழு மணி முதல் முப்பத்திரண்டு மணிவரை. ஒரே பிரயாணத்தில் சூரியன் இருமுறை உதித்ததைக் கண்டார்கள். ஆதலால் அச்சர்வீசுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயராயிற்று. 1945 வரை இவ்வாறு 271 முறை கடந்தார்கள். இடையில் இறங்காமல் அத்தனை மணி நேரம் பறந்த பிரயாணிகள் இன்றுவரை அரியர்.

விரைவுக்குக் கொடுத்த உயிர்கள்

போர் முடிந்தது. 1947 டிசம்பர் 1-ஆம் நாள் குவாண்டாஸ் கம்பெனியார் கான்ஸ்டலேஷன் விமானத்தில் சிட்னியிலிருந்து லண்டனுக்குச் சர்வீஸ் தொடங்கினார்கள். இருபத்தொன்பது பிரயாணிகள், பதினொரு ஊழியர். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவு தங்கி, நான்கு நாட்களில் லண்டனை அடைந்தார்கள். வாரக் கணக்கு நாட்கணக்காயிற்று.

பிறகு ஜெட் யந்திரம் வந்தது. பிரிட்டனில் செய்யப்பட்ட காமெட் என்னும் விமானம் 1952 மே 2-ஆம் நாள் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் வழியிலும் பறக்கலாயிற்று. மணிக்கு 450 மைலுக்கு மேற்பட்ட வேகம். மேகத்துக்கும் புயலுக்கும் மேலே, முப்பத்தைந்தாயிரம் அடிக்கும் அப்பால் சென்றமையால் அதில் ஆட்டமும் அதிர்ச்சியும் குறைவு. நாட்கணக்கான பிரயாணம் ஏறத்தாழ ஒரு நாளாகச் சுருங்கியது.

அதற்கு விலையும் இந்த வழியிலேயே கொடுக்கப்பட்டது. 1953 மே 2-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் காமெட் ஒன்று, கல்கத்தாவில் புறப்பட்டதும் இடிமின்னற் புயலில் சிக்கி நொறுங்கியது. நாற்பத்து மூவர் மாண்டனர். 1954 ஜனவரி 10-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் மற்றொரு காமெட், ரோமில் புறப்பட்ட சிறிது நேரத்தில் வானிலேயே பிளந்து, எல்பா தீவின் அருகே கடலில் விழுந்தது, முப்பத்தைவரும் மாண்டனர். ஏப்ரலில் மூன்றாவது விமானமும் இத்தாலிக்கு அப்பால் கடலில் விழவே, காமெட்டுகள் யாவும் பறத்தலினின்றும் நிறுத்தப்பட்டன.

இவ்விடத்தில் மனித அறிவு செய்த காரியம் நமக்குப் பாடமாகத் தக்கது. சாபம் என்றோ கிரகக் கோளாறு என்றோ சொல்லி விட்டுவிடவில்லை. கடலின் அடியிலிருந்து சிதைவுகளை மீட்டெடுத்து, துண்டுக்குத் துண்டு பொருத்திப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்தில் ஒரு முழு விமானத்தையே நீர்த்தொட்டியில் இருத்தி, உள்ளே நீரை அழுத்தி ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஒவ்வொரு பறப்பிலும் அதன் உடல் படும் பாட்டைப் படவைத்தார்கள். முன்னரே பறந்தவற்றையும் சேர்த்து மூவாயிரம் பறப்புக்குச் சமமான அழுத்தம் ஆனபோது, திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து உலோகம் கிழிந்தது. கம்பியை மேலும் கீழும் பலமுறை வளைத்தால் எப்படி ஒடிகிறதோ அப்படியே உலோகமும் களைத்துப் போகிறது என்பது அனைவர்க்கும் வெளிப்படையாயிற்று. அதன் பின்னர் உலகில் செய்யப்பட்ட ஜெட் விமானங்கள் அனைத்தும் அந்தப் பாடத்தைக் கற்றே செய்யப்பட்டன. இன்று நாம் உறங்கிக்கொண்டே கடக்கும் ஆகாயத்தில் அந்த இறந்தோரின் பங்கும் உண்டு.

ஒலியை முந்தியது, அனுமதியை முந்தவில்லை

யந்திரம் மட்டும் வேகமாக இருந்தால் போதாது என்பதை 1977-ஆம் ஆண்டு காட்டியது. ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் விமானத்தை, பிரிட்டிஷ் ஏர்வேசும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் கூடி, லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு அவ்வாண்டு டிசம்பரில் விட்டன. பிரயாண காலம் ஒன்பது மணி அளவே. ஆனால் மூன்று முறை போய்வந்ததும் சர்வீஸ் நின்றது. ஒலியை முந்தும் விமானம் மலாக்கா நீரிணையின் மேலே எழுப்பும் ஓசையை மலேசிய அரசாங்கம் ஆட்சேபித்ததே காரணம். இந்தியாவும் தன் நிலத்தின்மேல் அந்த வேகத்தில் பறக்க இடந்தரவில்லை. ஆகவே அது சுற்றியே வரவேண்டியிருந்தது. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கிய சர்வீஸ் 1980 நவம்பரில் முடிவுற்றது.

இதில் மலேசியாவைக் குறை கூறுதல் முறையாகாது. 1944-இல் சிகாகோவில் கூடி நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின்மேலுள்ள வானம் முழு உரிமையுடையது. மேலே கனவான்கள் விரைந்து செல்லக் கீழே மீன்பிடிப்போர் ஏன் இரைச்சலைச் சகிக்க வேண்டும் என்பது கேட்கத்தக்க கேள்வியே.

காற்றும் கடிகாரமும்

தொலைதூரம் பறக்கவல்ல 747-400 விமானங்கள் 1989-க்குப் பின்னர் வந்து, லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே எங்கும் நில்லாமல் செல்வதை அன்றாட வழக்கமாக்கின. சிங்கப்பூரின் நிலையமும் காலாங்கிலிருந்து 1955-இல் பாயா லேபாருக்கும், 1981-இல் சாங்கிக்கும் மாறியிருந்தது. லண்டனின் நிலையம் கிராய்டனிலிருந்து ஹீத்ரோவுக்குப் போயிருந்தது.

லண்டனிலிருந்து வரும்போது பதின்மூன்று மணி நேரம் ஆகிறதென்றால், திரும்பிப் போகும்போது பதினான்கு மணி நேரம் ஆகிறது. ஒரே தூரத்துக்கு இந்த வேற்றுமை ஏன்? உயர்ந்த வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும் பெருங்காற்று ஒன்று உண்டு. ஜப்பானிய அறிஞர் ஓய்ஷி வசாபுரோ என்பவர் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்தறிந்தார்; தம் ஆராய்ச்சியை உலகோர் அறியட்டுமென்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அம்மொழி அறிந்தோர் சிலரேயாதலால் அது பல்லாண்டு பரவாமலே கிடந்தது. கிழக்கே வருவோரை அக்காற்று தள்ளிவிடுகிறது. மேற்கே போவோரை எதிர்க்கிறது.

இன்னொரு மயக்கமும் உண்டு. இரவு பத்து மணிக்கு லண்டனில் ஏறியவர் மறுநாள் மாலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கினால், இருபத்தொரு மணி நேரம் பறந்ததாக எண்ணலாகாது. நம் கடிகாரம் அங்குள்ளதற்கு எட்டு மணி முற்பட்டது. ஆகவே பறந்தது பதின்மூன்று மணியே. பிரிட்டனில் கோடைகாலமாயின் ஏழு மணியைக் கழிக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டு முடிய இந்த வித்தியாசம் ஏழரை மணியாக இருந்தது. 1982 ஜனவரி முதல் எட்டாக்கப்பட்டது.

இதனினும் நெடிய வழி சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே உள்ளது. ஏறத்தாழ 9,530 மைல். நூலை வைத்துப் பார்த்தால் வடதுருவத்தின் அருகே செல்கிறது. ஆயினும் சிங்கப்பூரிலிருந்து போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் கடலின் மேலாக, பல நூறு மைல் கூடுதலாகப் பறந்து, காற்றின் உதவியால் பதினெட்டரை மணி அளவில் போய்ச் சேர்கிறது. வழி நீண்டால் காலமும் நீளும் என்ற நம் பழைய கணக்கு அங்கே பொய்க்கிறது. அந்த வழியில் 2004-இல் தொடங்கிய சர்வீஸ், எண்ணெய்ச் செலவு தாளாமல் 2013-இல் நின்று, 2018 அக்டோபரில் புதிய விமானத்தோடு மீண்டும் தொடங்கியது. அவ்விமானத்தில் இருக்கைகள் 161. அவற்றுள் சாதாரண வகுப்பு இருக்கை ஒன்றுமே இல்லை. 1935-இன் கேள்வி, "யாருக்கு?" என்பது, 2018-லும் தீரவில்லை என்று காண்கிறோம்.

அறுந்த நூல்

நூல் சென்ற வழியை மனத்தில் வைக்கச் சொன்னோம். ரஷ்யாவும் உக்ரைனும் சந்திக்கும் எல்லைப்புறம் அதன்மேல் இருக்கிறது. 2014 ஜூலை 17-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய ஏர்லைன்ஸ் விமானம், அந்த எல்லைப்புறத்தின் மேலே பறக்கையில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேர் மாண்டனர். கீழே நடந்த சண்டைக்கும் மேலே இருந்தவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் குறுகிய வழியில் செல்லும் விமானத்தில் ஏறியதே.

2022 பிப்ரவரியில் பெரும்போர் மூண்டது. உக்ரைனின் வானம் மூடப்பட்டது. ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கு அடைக்கப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் சென்ற விமானங்கள் பதின்மூன்று மணி பறக்க நேர்ந்தது. லண்டன் - சிங்கப்பூர் வழியும் நூலை விட்டுத் தெற்கே வளைந்தது. 1932-இல் பாரசீகக் கரையை விட்டு அரபுக் கரைக்கு வளைந்தது போலவே தொண்ணூறு ஆண்டு கழித்தும் வளைந்தது. யந்திரம் நூறு மடங்கு தேறியிருக்கிறது. அரசுகளின் பகைமை தேறவில்லை.

நமது கணக்கு

ஆகவே, இரு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும் அந்தச் சிறு எண்ணை நாம் அலட்சியமாகப் பார்த்தல் தகாது. வாலின்மேல் சறுக்கிய தொழிலாளி, பாலைவனத்தில் உழுத சால், எல்பாக் கடலில் விழுந்தோர், நீர்த்தொட்டியின் முன் காத்திருந்த விஞ்ஞானிகள், எஸ்பெராண்டோவில் எழுதிய ஜப்பானியர் ஆகிய அனைவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். எந்த ஒரு நாடும் அதனைத் தனியே செய்துவிடவில்லை. எந்த ஒரு நாடும் நினைத்தால் அதனைக் கெடுத்துவிடவும் முடியும்.

நம் மக்களைப் பொறுத்தவரை நன்மை சிறிதன்று. கப்பலில் ஒரு வாரமும் முகாமில் சில நாளும் கழித்துக் கடந்த 1,800 மைலை இன்று நான்கு மணி நேரத்தில் கடக்கிறோம். ஆண்டுக் கணக்கில் எண்ணிய கூலி, மாதக் கணக்குக்கு வந்திருக்கிறது. முப்பது ஆண்டு ஊர் முகம் காணாமல் இம்மண்ணிலேயே முடிந்த வாழ்க்கை இனி யாருக்கும் வேண்டியதில்லை.

வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறோம். இல்லை என்று சொல்லவில்லை. இன்று சாங்கியிலும் கோலாலம்பூரிலும் வந்திறங்கிக் கட்டடத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் நம் இளைஞர் பலர், ஊருக்கு நான்கு மணி நேரத் தொலைவிலேதான் இருக்கிறார்கள். ஆனால் முகவருக்குப் பட்ட கடன் தீரவேண்டும். முதலாளி லீவு தரவேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் சேரவேண்டும். அவை கூடிவர இரண்டாண்டு, மூன்றாண்டு செல்கிறது. தந்தையின் பிணத்தைக் கைத்தொலைபேசியின் கண்ணாடியில் பார்த்து அழுதுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகிறவர்களும் அவர்களிடையே உண்டு. விமானத்துக்கு நான்கு மணி, அவர்களுக்கு மூன்றாண்டு. யந்திரம் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டது. மிச்சமுள்ள தூரம் கூலியிலும் சட்டத்திலும் இருக்கிறது. அதனைக் குறைப்பது விமானியின் வேலையன்று, நம்முடைய வேலை.